10:12-க்கு வந்த மெயில், 12:40-க்கு பாத்தோம்: நாலு பேருக்கும் மணி அடிக்காத கதை

கிளையன்ட் அனுப்புன மெயில்ல ரெண்டே வரி. "பழைய ஃபைல பிரஸ்ஸுக்கு அனுப்பிடாதீங்க, ஆறாம் பக்கத்துல தேதி தப்பா இருக்கு, புதுசு மதியம் தர்றேன்." வந்த நேரம் காலைல 10:12. நாங்க பிரஸ்ஸுக்கு ஃபைல் அனுப்புனது 11:05. மெயில முதல்ல ஒருத்தர் கண்ணால பாத்தது 12:40, அதுவும் வேற எதையோ தேடப் போன இடத்துல. அதுக்குள்ள அங்க பிளேட் போட்டு பாதி ஓட்டிட்டாங்க.

நாங்க நாலு பேர். லேஅவுட் பண்ற அக்கா, புதுசா சேந்த தம்பி, கணக்கு பாக்குறதோட கிளையன்ட்கிட்ட பேசுறதும் தன் தலைல போட்டுக்கிட்ட அண்ணன், அப்புறம் நான். ஆர்டர், திருத்தம், புரூஃப் எல்லாம் ஒரே பொது அட்ரஸுக்குத்தான் வரும், நாலு பேரும் அதத்தான் பாக்குறோம். நாலு பேர் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு பாக்குற மெயில் எப்படி ரெண்டரை மணி நேரம் யாருக்கும் தெரியாம கெடந்துச்சுன்னு அன்னிக்கு சாயங்காலம் உக்காந்தோம். முதல்ல வழக்கம்போல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம், அப்புறம் "டெஸ்க்டாப் டூல் போட்டுடலாம்"னு ஒரு கட்சி, "பிரவுசர்லயே நோட்டிஃபிகேஷன் இருக்கே, அத ஆன் பண்ணா போதும்"னு ஒரு கட்சி. ஒரு மணி நேரம் அதுலயே போச்சு. எந்த டூல்னு பேசுறதுக்கு முன்னாடி அன்னிக்கு 10:12-க்கு ஒவ்வொரு மெஷின்லயும் என்ன நடந்துச்சுன்னு பாத்திருக்கணும். அத மறுநாள்தான் செஞ்சோம், செஞ்சு பாத்தா கிணறு வெட்ட பூதம் கெளம்புன கதைதான்.

அக்கா மெஷின்லேர்ந்து ஆரம்பிச்சேன். "எனக்கு மணியே அடிக்கல, டேப்ல நம்பரும் வரல, நான் மூணு தடவ பாத்தேன்"ன்னாங்க. அவங்க சொன்னது உண்மைதான். அவங்க நோட்டிஃபிகேஷன நம்பல, மெயில் டேப்போட தலைப்புல அடைப்புக்குறிக்குள்ள வர்ற எண்ணத்தான் பாப்பாங்க, 2-ன்னு இருந்தா ரெண்டு புது மெயில். அன்னிக்கு காலைல டேப் தலைப்பு எண் இல்லாம சுத்தமா இருந்திருக்கு, மெயில் இல்லன்னு நெனச்சுட்டாங்க.

ஆனா அந்த டேப் உயிரோடயே இல்ல. லேஅவுட் சாஃப்ட்வேர் முழு ஸ்கிரீன்ல மணிக்கணக்கா ஓடுது, மெயில் டேப்ப யாரும் தொடல, பிரவுசர் அத தூங்கப் போட்டுருச்சு. குரோம்ல இதுக்கு மெமரி சேவர்னு பேரு, 2022 கடைசில வந்தது, எட்ஜ்ல ஸ்லீப்பிங் டேப்ஸ்னு கிட்டத்தட்ட இதே மாதிரி ஒண்ணு. குரோம் மாதிரி பிரவுசர்ல தூங்க வைக்கும்போது டேப்போட பேரும் ஐகானும் மேல அப்படியே நிக்கும், உள்ள பக்கம் மெமரிலேர்ந்து போயிருக்கும். தலைப்புல கடைசியா என்ன எழுதியிருந்துச்சோ அதே எழுத்து. பூட்டுன கடைக்கு வெளிய போர்டு மட்டும் லைட்டோட எரியிற மாதிரி. குரோம் வகை பிரவுசர்ல டிஸ்கார்ட்ஸ்னு ஒரு உள்பக்கம் இருக்கு, எந்த டேப் முழிச்சிருக்கு எது தூங்குதுன்னு வரிசையா காட்டும், அங்கேர்ந்தே கையால ஒரு டேப்ப தூங்க வைக்கவும் முடியும். அக்கா முன்னாடியே மெயில் டேப்ப தூங்க வச்சுட்டு என் போன்லேர்ந்து ஒரு மெயில் அனுப்புனேன். அஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் தலைப்பையே மொறச்சு பாத்தோம். அசையல. டேப்ப ஒரு கிளிக் பண்ணேன், பக்கம் முதல்லேர்ந்து லோட் ஆகி, டக்குனு எண் வந்து ஒக்காந்துச்சு. அக்கா ஒண்ணும் சொல்லல, "ஓஹோ"ன்னு மட்டும் சொன்னாங்க.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. மெமரி சேவர் எல்லா டேப்பையும் தூங்க வைக்காது, பாட்டு ஓடுற டேப், பாதி எழுதி விட்ட ஃபார்ம் உள்ள டேப், நோட்டிஃபிகேஷன் அனுமதி வாங்குன பக்கம் இதையெல்லாம் விட்டுடும். அக்கா என்னிக்கோ ஒரு நாள் "நோட்டிஃபிகேஷன் காட்டலாமா"ன்னு மெயில் பக்கம் கேட்டப்ப பிளாக் அமுக்கியிருக்காங்க. யாருதான் அமுக்கல, கண்ட கண்ட சைட்டும் கேக்குது, கை தானா பிளாக்குக்குப் போகுது. அந்த ஒரு கிளிக்குல மணியும் போச்சு, டேப் முழிச்சிருக்குறதுக்கான காரணமும் போச்சு.

அடுத்து தம்பி. அவன் ஒரு எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோட சேத்துக்குற சின்ன புரோகிராம்) போட்டிருந்தான், பிரவுசர் ஓரத்துல சின்னதா ஒரு உறை, அதுமேல செவப்புல எண். "அண்ணா எனக்கு கரெக்டா வேல செய்யுது, காலைல கூட ரெண்டு வந்துச்சு"ன்னான். வந்துச்சுதான், ஆனா அவன் சொந்த மெயிலுக்கு. பிரவுசர்ல ரெண்டு அக்கவுண்ட் லாகின் ஆகியிருக்கு, எக்ஸ்டென்ஷன் முதல்ல லாகின் ஆன அக்கவுண்ட மட்டும் பாக்குது. முந்தின நாள் ஏதோ காரணத்துக்கு ரெண்டுலயும் வெளிய வந்து திரும்ப உள்ள போயிருக்கான், வரிசை மாறிப்போச்சு. ஆபீஸ் மெயில் ரெண்டாவது. எண் காட்டுது, ஐகான் மின்னுது, வேற வீட்டு வாசல்ல.

அண்ணன் மெஷின்தான் எனக்கு ரொம்ப பிடிச்ச கேஸ், ஏன்னா அங்க எல்லாமே சரியா இருந்துச்சு. பிரவுசர்ல அனுமதி இருக்கு, டேப் முழிச்சிருக்கு, மெயில் வந்த உடனே நோட்டிஃபிகேஷனும் வந்திருக்கு. ஆனா அவர் 10 மணிலேர்ந்து ஒரு கிளையன்ட்டுக்கு புரொஜெக்டர்ல புரூஃப் காட்டிக்கிட்டு இருந்தார். ஸ்கிரீன டூப்ளிகேட் பண்ணா விண்டோஸ் தானாவே நோட்டிஃபிகேஷன அமைதியாக்கிடும், விண்டோஸ் 10-ல ஃபோகஸ் அசிஸ்ட்னு பேரு, 11-ல டூ நாட் டிஸ்டர்ப். நல்ல எண்ணத்துல வச்சதுதான், கிளையன்ட் முன்னாடி உங்க சொந்த மெசேஜ் எகிறி குதிக்கக் கூடாதுல்ல. சத்தமில்லாம ஓரத்துல இருக்குற நோட்டிஃபிகேஷன் பட்டியலுக்குள்ள போய் ஒக்காந்துக்கிச்சு. நாங்க தொறந்து பாத்தப்ப 10:12-ன்னு நேரத்தோட அங்கயே இருந்துச்சு, யாரும் அத தொட்டிருக்கல.

கடைசியா நான். இங்கதான் வெக்கம். நான் டெஸ்க்டாப் கட்சி, பிரவுசர் இல்லாம தனியா ஓடுற தண்டர்பேர்ட்ங்கிற மெயில் ஆப் வச்சிருக்கேன், முந்தின நாள் சாயங்காலம் "பிரவுசர நம்புனா இப்படித்தான்"னு நீளமா பேசுனவன் நான்தான். என் மெஷின்ல மெயில் 10:12-க்கே இறங்கியிருக்கு. ஆனா எங்க? ஒழுங்கா இருக்கணுமேன்னு நான் சர்வர்லயே ரூல் போட்டு வச்சிருந்தேன், ஒவ்வொரு முக்கியமான கிளையன்ட்டுக்கும் ஒரு ஃபோல்டர், அவங்க மெயில் இன்பாக்ஸ்ல நிக்காம நேரா அங்க போயிடும். மெயில் ஆப் டிஃபால்ட்டா பாத்துக்கிட்டு இருக்குறது இன்பாக்ஸத்தான். ஃபோல்டருக்குள்ள வந்தது நான் அந்த ஃபோல்டர தொறக்குற வரைக்கும் தெரியாது. 12:40-க்கு கண்டுபிடிச்சதும் நான்தான், வேற ஒரு ஃபைல தேடி அந்த ஃபோல்டருக்குப் போயி.

ஒரு மெயில், நாலு மெஷின், நாலு விதமா ஊமையாயிருக்கு. டெஸ்க்டாப்பா பிரவுசரான்னு சண்ட போட்ட ரெண்டு கட்சியும் தோத்துச்சு, ஏன்னா ரெண்டு பக்கமும் ஃபெயில் ஆகியிருந்துச்சு.

இதுக்கு அப்புறம்தான் உள்ள எப்படி வேல செய்யுதுன்னு கொஞ்சம் படிச்சேன், படிச்சதுல உதவுனத மட்டும் சொல்றேன். மெயில் வந்த சேதிய உங்ககிட்ட கொண்டு வரணும்னா யாராவது ஒருத்தர் முழிச்சுக்கிட்டு சர்வர்கிட்ட காத கொடுத்துட்டு ஒக்காந்திருக்கணும். யூனிக்ஸ்ங்கிற பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல 1980 வாக்குல பிஃப்னு ஒரு சின்ன புரோகிராம் இருந்துச்சு, அமெரிக்கால பெர்க்லி யூனிவர்சிட்டில சுத்திட்டு இருந்த ஒரு நாயோட பேரு, மெயில் வந்தா டெர்மினல்ல சொல்லும். அப்போலேர்ந்து கேள்வி இதேதான், வாசல்ல யாரு ஒக்காந்திருக்குறது.

டெஸ்க்டாப் மெயில் ஆப்ல அந்த வேல ஐமேப்போட (ஆப்பும் மெயில் சர்வரும் பேசிக்கிற முறை) ஐடில்ங்கிற வசதில நடக்குது, 1997-ல ஆர்எஃப்சி 2177-ங்கிற இன்டர்நெட் விதிமுறை ஆவணத்துல வந்தது. ஆப் ஒரு கனெக்ஷன தொறந்து வச்சுக்கிட்டு சும்மா இருக்கும், மெயில் வந்தா சர்வரே தட்டி சொல்லும், அதனால சில செகண்ட்ல தெரிஞ்சிடும். ரெண்டு வில்லங்கம் இருக்கு. ஒண்ணு, ஒரு கனெக்ஷன் ஒரு ஃபோல்டரத்தான் பாக்கும், பத்து ஃபோல்டர பாக்கணும்னா பத்து கனெக்ஷன். ரெண்டு, அரை மணி நேரம் பேச்சே இல்லன்னா சர்வர் அறுத்துடலாம்னு இருக்குறதால 29 நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது புதுப்பிக்கச் சொல்லியிருக்காங்க, ஆனா நடுவுல இருக்குற ரவுட்டர் அதுக்கு முன்னாடியே சத்தமில்லாம அறுத்துட்டா ஆப்புக்கு கொஞ்ச நேரம் தெரியவே தெரியாது, லேப்டாப்ப மூடி தொறந்தாலும் இதேதான். அதுக்குத்தான் கூடவே இத்தன நிமிஷத்துக்கு ஒரு தடவ போய் பாருன்னு ஒரு செட்டிங், தண்டர்பேர்ட்ல டிஃபால்ட் 10 நிமிஷம். நாங்க 3 ஆக்கினோம்.

பிரவுசர்ல முழிச்சிருக்க வேண்டியது அந்த டேப். ஜிமெயில் மாதிரி சர்வீஸ்ல டெஸ்க்டாப் நோட்டிஃபிகேஷன் வரணும்னா லாகின் ஆகி டேப் தொறந்திருக்கணும், மூடுனா முடிஞ்சுது. புஷ்னு ஒரு வழி 2015-லேர்ந்து குரோம்ல இருக்கு, ஃபயர்பாக்ஸ்ல 2016-லேர்ந்து, டேப் மூடியிருந்தாலும் சேதி வரும், ஆனா அத மெயில் சர்வீஸ் தன் பக்கத்துல கட்டியிருக்கணும், நீங்க செட்டிங்ல தேடி ஆன் பண்ற விஷயம் இல்ல. இன்னொண்ணு, பின்னாடி கெடக்குற டேப்போட டைமர குரோம் 2021-லேர்ந்து இறுக்கிடுச்சு, அஞ்சு நிமிஷத்துக்கு மேல மறைஞ்சு கெடக்குற சும்மா இருக்குற பக்கம் நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் எழுந்திருக்கும். மெயிலுக்கு ஒரு நிமிஷம் லேட் ஆனா ஒண்ணும் குடி முழுகாது, இத பெரிய குறையா எழுதுறவங்கள பாத்தா எனக்கு சிரிப்பு வருது. முழுசா தூங்குறதுதான் பிரச்சனை.

எக்ஸ்டென்ஷன் பத்தி கொஞ்சம் கடுமையாவே சொல்றேன். குரோம் எக்ஸ்டென்ஷனுக்கு இப்ப இருக்குற மேனிஃபெஸ்ட் 3-ங்கிற விதிமுறைல எக்ஸ்டென்ஷனோட பின்னணி வேல சும்மா இருந்தா 30 செகண்ட்ல அடங்கிடும், அலாரம் வச்சு எழுந்து எழுந்து பாக்கணும், அது பரவால்ல. எனக்கு உறுத்துனது அனுமதி. தம்பி போட்டிருந்தது "இந்த மெயில் சைட்ல உள்ள உங்க எல்லா தகவலையும் படிக்கவும் மாத்தவும்"னு வாங்கியிருந்துச்சு. ஒரு எண் காட்ட எதுக்குப்பா எழுதுற அதிகாரம்? எக்ஸ்டென்ஷன் தானா அப்டேட் ஆகும், இன்னிக்கு நல்லவர் கைல இருக்குறது நாளைக்கு வேற கைக்கு போகலாம். 2024 டிசம்பர்ல, டேட்டாவ பாதுகாக்குறதே தொழிலா வச்சிருக்குற ஒரு கம்பெனியோட எக்ஸ்டென்ஷனையே, அங்க வேல செய்றவர ஃபிஷிங் மெயில்ல ஏமாத்தி உள்ள பூந்து, கெட்ட வெர்ஷன ஸ்டோர்ல ஏத்திட்டாங்க. வேலியே பயிர மேயுற கதை. கிளையன்ட்டோட வெளிவராத ஃபைலெல்லாம் இருக்குற மெயில்ல இது வேணாம்னு அன்னிக்கே எடுக்கச் சொல்லிட்டேன், தம்பிக்கு கொஞ்சம் வருத்தம்தான், அந்த உறை ஐகான் அவனுக்கு பிடிச்சிருந்துச்சு.

பழைய டெஸ்க்டாப் நோட்டிஃபையர் டூலும் சுத்தம்னு சொல்ல மாட்டேன். ட்ரேல (ஸ்கிரீன் கீழ கடிகாரத்துக்கு பக்கத்துல) ஒக்காந்துக்கிட்டு பாஸ்வேர்ட கேக்குற சின்ன டூல் நெறய உண்டு. கூகுள் 2022 மே மாசத்தோட சாதா அக்கவுண்ட்ல வெறும் பாஸ்வேர்ட வாங்கி நுழையிற பழைய வழிய மூடிடுச்சு, மைக்ரோசாஃப்ட் தன்னோட கம்பெனி மெயில் சர்வீஸான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன்ல அதே வருஷம் அக்டோபர்லேர்ந்து அடைக்க ஆரம்பிச்சாங்க. இன்னிக்கும் ஒரு டூல் உங்க மெயில் பாஸ்வேர்ட நேரா டைப் பண்ணச் சொல்லுதுன்னா அத இறக்காதீங்க, பிரவுசர தொறந்து சர்வீஸோட சொந்த லாகின் பக்கத்துக்கு கூட்டிட்டு போறதா இருந்தா யோசிக்கலாம்.

அப்ப எத எடுத்தோம்? முதல்ல "நாலு பேருக்கும் தண்டர்பேர்ட்"னுதான் போனோம், ஒரே மாதிரி இருந்தா பாத்துக்க சுலபம்னு. ரெண்டாவது நாளே ஒவ்வொருத்தருக்கா கனெக்ஷன் அறுந்து அறுந்து எரர் வருது. கணக்கு போட்டப்பதான் புரிஞ்சுது, தண்டர்பேர்ட் ஒரு அக்கவுண்ட்டுக்கு டிஃபால்ட்டா 5 கனெக்ஷன் வரைக்கும் வச்சுக்கும், நாலு பேர்னா 20. சர்வர்ல இதுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கும், உதாரணத்துக்கு ஜிமெயில்ல ஒரு அக்கவுண்ட்டுக்கு ஒரே நேரத்துல 15-தான், அதுல போன்ல இருக்குற மெயில் ஆப்பும் சேரும். பொது அட்ரஸ ஒரே அக்கவுண்ட்டா பலபேர் பாக்குற இடத்துல இந்தக் கணக்க யாரும் முன்னாடி சொல்றதில்ல. அஞ்ச ரெண்டா கொறச்சா சரியாகும், ஆனா எல்லாருக்கும் டெஸ்க்டாப் தேவையான்னே அப்பதான் கேட்டுக்கிட்டோம்.

தேவையில்ல. அக்காவுக்கு டெஸ்க்டாப்தான் சரி, அவங்க நாள் பூரா லேஅவுட்டுக்குள்ள இருக்காங்க, பிரவுசர மூடிட்டாங்கன்னாலும் கேக்குறது ஒண்ணு வேணும். அண்ணனுக்கும் டெஸ்க்டாப், அதுக்கு காரணம் வேற: விண்டோஸ்ல அமைதியா இருக்கும்போதும் இந்த ஆப்ப மட்டும் விடுன்னு முன்னுரிமை லிஸ்ட் இருக்கு, அதுல மெயில் ஆப்ப சேக்கலாம், ஆனா பிரவுசர சேத்தா அது வழியா வர்ற எல்லா சைட்டும் சேந்து குதிக்கும், கிளையன்ட் முன்னாடி மானம் போயிடும். தம்பிக்கு பிரவுசரே போதும், அவன் வேலையே பிரவுசர்லதான், மெயில் டேப் எப்பவும் கண்ணு முன்னாடி, அனுமதி கொடுத்து, ஆபீஸுக்கு பிரவுசர்ல தனி புரொஃபைல் போட்டு, ரெண்டு அக்கவுண்ட் கலக்குறத நிறுத்துனோம், தூங்க வைக்காத சைட் லிஸ்ட்லயும் சேத்தோம். நான் இருந்த இடத்துலயே இருந்தேன். மெமரி எவ்ளோ எடுக்குது, பார்க்க எப்படி இருக்குன்னெல்லாம் நாங்க ஒப்பிடல, அதுனால மெயில் யாருக்கும் தவறல.

ஆனா உண்மையா மாறுனது டூல் இல்ல, என் ரூல். முக்கியமான கிளையன்ட்ட ஃபோல்டருக்கு அனுப்பிட்டு நியூஸ்லெட்டர், விளம்பரம், பில் எல்லாத்தையும் இன்பாக்ஸ்ல விட்டு வச்சிருந்தேன், எத்தனையோ வருஷமா, ஒழுங்குன்னு நெனச்சுக்கிட்டு. ரெண்டு வகை டூலும் காது வைக்கிறது இன்பாக்ஸ்லதான், ஜிமெயில் பிரவுசர் நோட்டிஃபிகேஷன் கூட இன்பாக்ஸ் இல்லன்னா அதுக்குள்ள இருக்குற பிரைமரிங்கிற பிரிவுல விழுறதுக்குத்தான் சத்தம் போடும். அப்படின்னா சத்தம் போடாத இடத்துல முக்கியமானத வச்சுட்டு, சத்தம் போடுற இடத்துல குப்பைய வச்சிருக்கேன். தலைகீழா மாத்தினேன்: கிளையன்ட் மெயில் எதுக்கும் ரூல் கிடையாது, இன்பாக்ஸ்லயே விழும், மத்தது எல்லாம் ஃபோல்டருக்கு. வேல முடிஞ்சதும் கையால எடுத்து கிளையன்ட் ஃபோல்டர்ல போட்டுக்கலாம். அண்ணன் இதுக்கு ஒப்புக்கல, கையால எடுத்து வைக்க யாரு இருக்கான்னார், இப்பவும் அவர் எடுத்து வைக்கிறதில்ல, நான்தான் வைக்கிறேன்.

மாத்துறதுக்கு முன்னாடி முதல் வாரம் எல்லாத்துக்கும் மணி வச்சு பாத்தோம், அது பெரிய கொடுமை. நாலு மெஷின்ல ஒரே மெயிலுக்கு நாலு சத்தம், ரெண்டே நாள்ல யாரும் தலைய தூக்குறதில்ல, புலி வருது கதைதான். ரூல தலைகீழாக்குனதும் ஒரு நாளைக்கு பத்து பன்னண்டு தடவதான் அடிக்குது, அடிச்சா பாக்குறோம். அக்கா மட்டும் பாப்பப் நடுவுல வந்து கோட்ட நகத்திடுதுன்னு பாப்பப்ப எடுத்துட்டு சத்தத்த மட்டும் வச்சுக்கிட்டாங்க.

இப்ப வாரத்துக்கு ஒரு தடவ, திங்கக்கெழம காலைல, தம்பி தன் சொந்த அட்ரஸ்லேர்ந்து பொது அட்ரஸுக்கு "மணி அடிச்சுதா"ன்னு ஒரு மெயில் போடுறான், நாலு பேரும் அவங்கவங்க எடத்துலேர்ந்து குரல் கொடுக்கணும். போன திங்கக்கெழம அக்கா "ம்", அண்ணன் "வந்துச்சு", அப்புறம் ஒரு அமைதி. "அண்ணா, உங்களுதுதான் வரல"ன்னு தம்பி எட்டிப் பாத்தான். ஐமேப் கனெக்ஷன பாத்தேன், ஃபோல்டர பாத்தேன், விண்டோஸ் செட்டிங்ஸ பாத்தேன், எல்லாம் சரி. முந்தின நாள் பாட்டு கேக்க மாட்டுன ஹெட்போன், கழட்டி மேஜை மேல வச்சிருந்தேன், வயர் இன்னும் சொருகியே இருந்துச்சு.